முதல் கஷ்டமான கேமை முடிக்க ஒரு வழிகாட்டி: கடலோர வீட்டில் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு

பாம்பனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். அப்பா விசைப்படகில் போகிறவர். ஹாலோ நைட் என்ற கேமை முடிக்க எனக்குப் பதினொரு மாதம் ஆனது. அதில் ஆறு மாதம் கேமுக்கு ஆகவில்லை. சரியில்லாத லேப்டாப், ஆளைத் தானாக நகர்த்தும் கண்ட்ரோலர் (கையில் பிடித்து ஆடும் பொத்தான் கருவி), நடுவில் போகும் கரண்ட், தவறாக வாங்கிய கேம் என்று வெளியில் இருந்த தொல்லைகளுக்குத்தான் போனது. அந்த ஆறு மாதம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கஷ்டமான கேமில் நூறு தடவை சாவீர்கள். அந்த நூறும் நீங்கள் செய்த தப்பால் வந்ததாக இருந்தால், ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று கற்றுக்கொள்ளலாம். லேப்டாப் திணறியதால் வந்த சாவில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, ஆத்திரம்தான் மிஞ்சும். அதனால் கீழே உள்ள முதல் பாதி முழுக்க அந்த வெளிச் சாவுகளை ஒழிப்பது பற்றித்தான். பொறுமையாகப் படியுங்கள்.

1. முதலில் மெஷின், அப்புறம் கேம்

எல்லோரும் பேசுகிறார்கள் என்று நான் முதலில் வாங்கியது செகிரோ. 2019-இல் வந்து அந்த வருடத்தின் சிறந்த கேம் என்று தி கேம் அவார்ட்ஸ் விருது வாங்கியது. எதிரி வாளை வீசும் அந்த நொடியில் நம் வாளை வைத்துத் தட்டிவிட வேண்டும், அதுதான் ஆட்டம். என் லேப்டாப்பில் படம் வெட்டி வெட்டி வந்தது. வாள் ஓங்கியிருப்பது தெரியும், அடுத்த படத்தில் நான் செத்துக் கிடப்பேன். இது பழக்கக் குறைவு என்று நினைத்து ஆறு மணி நேரம் முட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்கு எளிது. ஒரு நொடிக்கு 60 படம் ஓடினால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 16 மில்லிசெகண்ட். 20 படம்தான் ஓடுகிறது என்றால் 50 மில்லிசெகண்ட். நொடியின் சிறு பங்கில் முடிவெடுக்கும் கேமில் இது உயிர் போகிற விஷயம்.

உங்கள் லேப்டாப்பின் ரேம், கிராபிக்ஸ் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் கேமின் பக்கத்தில் கீழே போய்க் குறைந்தபட்சத் தேவையைப் பாருங்கள். எல்டன் ரிங் 12 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு, 60 ஜிபி இடம் கேட்கும். செகிரோவுக்கு 25 ஜிபி இடமும் தனி கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். ஹாலோ நைட் 4 ஜிபி ரேம், 9 ஜிபி இடத்தில் அடங்கிவிடும். செலஸ்ட் இன்னும் சின்னது, 2 ஜிபி ரேமும் ஒன்றேகால் ஜிபி இடமும் போதும், கல்லூரியில் கொடுத்த லேப்டாப்பிலும் பெரும்பாலும் ஓடிவிடும்.

முதல் கேமாக நான் சொல்வது செலஸ்ட் அல்லது ஹாலோ நைட். இரண்டும் கைபேசி கேம் மாதிரி பக்கவாட்டில் ஓடுகிறதே என்று லேசாக எடுக்காதீர்கள். இரண்டும் ஆளைப் பிழிந்து எடுக்கும். செலஸ்ட் 2018-இல் வந்தது, மலை ஏறும் கேம், செத்தால் அதே திரையின் தொடக்கத்தில் கண் இமைக்கும் நேரத்தில் திரும்ப நிற்கவைத்துவிடும். ஹாலோ நைட் 2017-இல் வந்தது, ஆஸ்திரேலியாவில் ஒரு சின்னக் குழு செய்தது. பூச்சிகளின் இடிந்துபோன ராஜ்ஜியத்தில் தனியாக அலைவோம்.

2. கணக்கு, பணம், பில்

ஸ்டீம் கணக்கு திறக்க வேண்டியது ஒரு மின்னஞ்சல்தான். ஆதார், பான் எதுவும் கேட்பதில்லை. கேம் கணக்குக்கு ஆதார் நகல் வேண்டும் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். நகல் எடுக்கிற கடையிலேயே வேலை பார்ப்பதால் சொல்கிறேன், அந்தத் தாள் எங்கெங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. வயது 13 ஆகியிருக்க வேண்டும். கணக்கை உங்கள் சொந்த மின்னஞ்சலில் திறங்கள், நண்பனுடையதில் வேண்டாம். வேறு யாரும் கணக்குக்குள் நுழையாதபடி ஸ்டீம் கார்ட் (Steam Guard) என்ற பாதுகாப்பை அன்றே போட்டுவிடுங்கள்.

பணம் யுபிஐ மூலம் கட்டலாம். செலஸ்ட், ஹாலோ நைட் மாதிரியான கேம்கள் சில நூறு ரூபாய்க் கணக்கில் வரும், பெரிய கேம்கள் ஆயிரக்கணக்கில். அவசரப்படாதீர்கள். ஜூன் கடைசியில் ஒரு பெரிய தள்ளுபடியும் டிசம்பர் கடைசியில் ஒன்றும் வரும். விஷ்லிஸ்டில் போட்டு வைத்தால் விலை இறங்கும்போது மின்னஞ்சல் வந்துவிடும்.

இங்கே ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். உதவிப் பக்கத்தில் வாங்கிய கேமைத் தேர்ந்தெடுத்துக் காரணம் சொன்னால் போதும், ஒப்புக்கொண்ட பிறகு ஒரு வாரத்துக்குள் பணம் வந்து சேரும். நான் ஆறு மணி நேரம் ஆடிய பிறகுதான் இந்த விதியைப் படித்தேன். செகிரோ பணம் போனது போனதுதான், தப்பு என்னுடையது.

அதனால் வாங்கிய அன்று முதல் ஒரு மணி நேரத்தைச் சோதனைக்கு என்றே வையுங்கள். ஸ்டீம் அமைப்பில் படக் கணக்கைத் திரையின் மூலையில் காட்டச் சொல்லலாம். அந்த எண் 60-ஐ ஒட்டி நிற்கிறதா, சண்டை வரும்போது சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால் ரெசல்யூஷனைக் குறையுங்கள். அப்படியும் சரிந்தால் அன்றே திருப்பிக் கேளுங்கள். மெனுவில் நிற்கும் நேரமும் அந்த இரண்டு மணிக் கணக்கில் சேரும், கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

பென்டிரைவில் ஏற்றித் தரும் திருட்டு கேம் வேண்டாம். வைரஸ் ஒரு பக்கம். அதே லேப்டாப்பில்தான் வீட்டு பாங்க் கணக்கையும் பார்க்கிறோம், மீன்பிடி மானிய விண்ணப்பமும் போடுகிறோம். முப்பது மணி நேரம் ஆடிய சேமிப்பு ஒரு நாள் திறக்காமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

பழைய லேப்டாப், கண்ட்ரோலர் வாங்குகிறவர்கள் கடைப் பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா, அது பொருளின் அடியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பில் தாளில் அச்சு ஒரு வருடத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். வாரண்டிக்குப் போகும்போது வெள்ளைத் தாளை நீட்டி நிற்கிறவர்களைக் கடையில் வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

3. கண்ட்ரோலரும் உப்புக்காற்றும்

நம் ஊரில் ஆடுகிறவர்களுக்கு என்று யாரும் சொல்லித் தராத விஷயம் இது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கீபோர்டில் ஆட முடியும். செலஸ்டைக் கீபோர்டிலேயே முடித்தவர்கள் நிறைய. ஆனால் கண்ட்ரோலர் என்றால் இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். வயர் உள்ளது 1,000 ரூபாயைச் சுற்றி வரும். என் முதல் கண்ட்ரோலர் அந்த வகை. வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று சுழற்றி அடிக்கும்போது அதை ஜன்னல் திண்டில் வைத்திருந்தேன். நான்காவது மாதம் திரையில் என் ஆள் தானாக இடப்பக்கம் நகர ஆரம்பித்தான். நான் கையை எடுத்தாலும் மெதுவாக விளிம்பை நோக்கிப் போய் முள்ளில் விழுவான். என் கட்டைவிரல்தான் தெரியாமல் படுகிறது என்று இரண்டு வாரம் நம்பினேன். கழற்றிப் பார்த்தபோது யூஎஸ்பி முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, ஆளை நகர்த்தக் கட்டைவிரலால் தள்ளும் குச்சியின் அடியில் வெள்ளையாக உப்புத் தூள்.

சாதாரணக் குச்சிகளின் உள்ளே ஒரு உலோக முனை தடத்தில் உரசி உரசித்தான் நாம் எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்று சொல்கிறது. உரசுவதால் தேயும், தூசியும் ஈரமும் போனால் இன்னும் சீக்கிரம் கெடும். ஹால் எஃபெக்ட் என்ற வகையில் காந்தம் வைத்துக் கணக்கிடுகிறார்கள், உரசல் இல்லை. 2,000, 2,500 ரூபாய்க்கு இப்போது கிடைக்கிறது. கடற்கரையில் இருக்கிறவர் இரண்டு தடவை ஆயிரம் ரூபாய்க் கண்ட்ரோலர் வாங்குவதைவிட ஒரே தடவை இதை வாங்குவது மிச்சம்.

ஆடி முடித்ததும் காய்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து, மூடி இறுக்கமான முறுக்கு டப்பாவில் போட்டு வையுங்கள். செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்தைச் சேர்த்து உள்ளே போடுங்கள். அரிசியில் புதைக்காதீர்கள், மாவுத் தூள் உள்ளே போகும். முனையில் களிம்பு தெரிந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். தண்ணீர் வேண்டவே வேண்டாம். லேப்டாப்பையும் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள், விசிறி அந்தக் காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. என் இரண்டாவது கண்ட்ரோலர் முறுக்கு டப்பாவில் இரண்டு கச்சானைத் தாண்டிவிட்டது.

வயர் இல்லாத ஹெட்போனில் சத்தம் சற்றுத் தாமதமாக வரும். சில எதிரிகள் அடிக்கும் முன் கத்துவார்கள், அந்தக் கத்தல் தாமதமாக வந்தால் பயனில்லை. வயர் உள்ளதையே வைத்துக்கொள்ளுங்கள். டிவியில் இணைத்து ஆடுகிறவர்கள் டிவி அமைப்பில் கேம் மோட் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள்.

4. கரண்டும் நெட்டும்

பழைய லேப்டாப் என்றால் பாட்டரி செத்திருக்கும், கரண்ட் போன நொடியில் அணையும். 600 வி.ஏ. யூபிஎஸ் 3,000 ரூபாயை ஒட்டி வரும். பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும், சேமித்து அணைக்க அது போதும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு முந்தைய நாள் பேப்பரில் வரும், அன்று பகலில் புது பாஸை (தனியாக நின்று அடிக்க வேண்டிய பெரிய எதிரி) தொடாதீர்கள்.

ஹாலோ நைட்டில் பெஞ்சில் உட்கார்ந்தால் சேமிப்பாகும். கண்ணில் பட்ட பெஞ்சில் எல்லாம் உட்காருங்கள். ஹாலோ நைட்டையும் செகிரோவையும் நடுவில் நிறுத்தி வைக்கலாம். டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் இரண்டிலும் மெனுவைத் திறந்தாலும் எதிரி நிற்க மாட்டான். வாசலில் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் வீட்டுக்கு அவை முதல் கேமாக ஒத்துவராததற்கு அதுவும் ஒரு காரணம்.

தினம் 2 ஜிபி டேட்டாதான் என்றால் 9 ஜிபி கேம் இறங்க ஐந்து நாள் ஆகும். பரவாயில்லை, ஸ்டீம் பதிவிறக்கத்தை நிறுத்தி மறுநாள் விட்ட இடத்தில் தொடரலாம். ஃபைபர் உள்ள நண்பர் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வேலை முடியும். இறங்கிய பிறகு நெட் இல்லாமலும் ஆடலாம், ஒரே ஒரு தடவை நெட் இருக்கும்போது கேமைத் திறந்து பார்த்துவிட்டு ஆஃப்லைன் மோடுக்கு மாறுங்கள்.

5. வீட்டில் சொல்லிவிடுங்கள்

"ரம்மியாடா?" என் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் சம்பளத்தைத் தொலைத்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் ஒரு சட்டமும், மத்தியில் 2025-இல் ஒரு சட்டமும் வந்தது அதற்காகத்தான். நாம் ஆடுவது ஒரு தடவை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் கேம், தோற்றாலும் ஜெயித்தாலும் பைசா நகராது. இதை அவர்களை உட்காரவைத்துத் திரையில் காட்டிச் சொல்லுங்கள். பில்லையும் காட்டுங்கள். மறைத்து ஆடினால் ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் பார்ப்பீர்கள், அந்த மனநிலையில் எந்த பாஸையும் அடிக்க முடியாது.

செலவையும் உங்கள் கையில் இருந்து செய்யுங்கள். கேம், கண்ட்ரோலர், யூபிஎஸ் எல்லாம் சேர்த்து எனக்கு 6,000 ரூபாய்க்குள் முடிந்தது, ஏழெட்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன். செகிரோவில் போன பணத்தை இதில் சேர்க்கவில்லை. தடைக்கால நிவாரணம் வீட்டுக்கு 8,000 ரூபாய் வரும்போது அதில் கண் வைக்காதீர்கள், இரண்டு மாதத்து அடுப்பு அதில்தான் எரிகிறது.

6. எந்த மாதம் தொடங்குவது

செலஸ்டின் முக்கியக் கதையை முடிக்கப் பொதுவாக எட்டு, ஒன்பது மணி நேரம் என்பார்கள். ஹாலோ நைட்டுக்கு இருபத்தைந்து, முப்பது. முதல்முறை ஆடுகிறவர் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நேரம் கிடைக்கும் என்று அப்போது தொடங்காதீர்கள். படகு கரையில், அப்பா வீட்டில், வலை முற்றத்தில், பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு. நான் அப்படித் தொடங்கி ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாமல் விட்டேன். எனக்குச் சரியாக வந்தது ஐப்பசி, கார்த்திகை. மழையும் புயல் எச்சரிக்கையும் வந்தால் கடையில் கூட்டம் இருக்காது, இரவில் கடல் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. படகு போகும் நாட்களின் இரவுகளும் நல்லவை. ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

7. முதல் பத்து மணி நேரம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பொத்தான் எது எதற்கு என்று விரல் தானாக அறியும் வரை முன்னேறாதீர்கள். தொடக்கத்தில் வரும் லேசான எதிரிகளிடம் அடி வாங்காமல் ஒரு அறையைக் கடக்கிற பயிற்சியைத் தினம் பத்து நிமிடம் செய்யுங்கள். ஹாலோ நைட்டில் வரைபடம் விற்பவரைக் கண்டுபிடித்து உடனே வாங்குங்கள், ஊரில் உள்ள கடையில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் திசைகாட்டி தாயத்தையும் வாங்குங்கள். பாதிப் பேர் கேமை விடுவது எதிரியால் இல்லை, வழி தெரியாமல் சுற்றிச் சலித்துத்தான்.

செத்தால் கையில் உள்ள காசு, செத்த இடத்தில் ஒரு நிழலிடம் தங்கிவிடும். போய் அதை அடித்து வாங்க வேண்டும். போகும் வழியில் மறுபடி செத்தால் அந்தக் காசு போயேபோச்சு. புது இடத்துக்கோ பாஸிடமோ போகும் முன் காசைச் செலவழித்துவிட்டுப் போங்கள். இழக்க ஒன்றும் இல்லாதவன் நிதானமாக ஆடுவான்.

8. பாஸ்: கும்பிடுபூச்சி அரசிகள்

ஹாலோ நைட்டில் வரும் இந்த பாஸின் பெயர் மான்டிஸ் லார்ட்ஸ், மூன்று சகோதரிகள். கும்பிடுபூச்சிகளின் கிராமத்தின் அடியில் மூன்று சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களாக நம்மைச் சண்டைக்கு இழுப்பதில்லை, நாமே முன்னால் போய் நின்று சவால் விட வேண்டும். நடுவில் இருப்பவர் முதலில் இறங்குவார். அவரை அடித்தால் மற்ற இருவரும் சேர்ந்து வருவார்கள்.

நான் இங்கே அறுபதுக்கு மேல் செத்தேன். இருபதாவது சாவில் கண்ட்ரோலரைக் கட்டிலில் எறிந்தேன். அன்று வலை பொத்திக்கொண்டு இருந்த அப்பா கொஞ்ச நேரமாகப் பார்த்திருக்கிறார். "அது எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாருடா. நீ உன் ஆளையே பார்த்துக்கிட்டு இருக்க. அலை அடிக்கும்போது வள்ளத்தையா பார்ப்பாங்க?" என்றார். அதற்குப் பிறகு அவர் கேமைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அந்த ஒன்று போதுமாக இருந்தது.

கண்ணை எதிரி மேல் வைத்தால் மூன்றே வேலைதான் அந்த அரசிக்கு என்பது தெரியும். தரையில் ஒரு ஓரத்தில் தோன்றி ஈட்டியோடு ஒரு கணம் நின்றால் நேராகப் பாயப் போகிறார், தாண்டிக் குதிக்க வேண்டும். தலைக்கு மேல் தோன்றினால் செங்குத்தாக இறங்கப் போகிறார், பக்கத்தில் நகர வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டால் வளைந்து வரும் ஆயுதத்தை வீசப் போகிறார். ஒவ்வொன்றும் முடிந்ததும் நமக்கு ஒரு அடிக்கு இடம் இருக்கும். ஒரு அடிதான். இரண்டாவது அடிக்கு ஆசைப்பட்டால் அடுத்தது நம் மேல்.

மூன்று நாள் அடிக்காமல் ஆடினேன். சவால் விடுவேன், தப்பிப்பேன், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறேன் என்று மட்டும் பார்த்தேன். முதல் நாள் முப்பது நொடி. மூன்றாம் நாள் இரண்டு நிமிடம் தாண்டியது. எந்த பாஸுக்கும் இதைச் செய்யுங்கள், நேரம் வீணாகிறது என்று தோன்றும், வீணாகாது.

அடுத்து, சாவுக் கணக்கு எழுதுங்கள். கடையில் வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டேன்: எந்த அடியில் செத்தேன், அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன், எதிரே எத்தனை பேர் மிச்சம். முப்பது சாவு எழுதிய பிறகு எண்ணினேன். பத்தொன்பது சாவு உயிரை ஏற்றிக்கொள்ள முயன்றபோது. அந்தக் கேமில் பொத்தானை ஒரு நொடிக்கு மேல் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால்தான் உயிர் ஏறும். பயத்தில் நான் கண்ட இடத்தில் நின்றிருக்கிறேன். அந்த அரசி அவ்வளவு வேகம் என்று இத்தனை நாள் அவரைக் குறை சொன்னேன், தாளில் இருந்தது வேறு.

அதற்கு வழியும் கிடைத்தது. முதல் அரசி தோற்றுச் சிம்மாசனத்துக்குத் திரும்பும்போதும், மற்ற இருவரும் எழுந்து இறங்கும் முன்பும் சற்று இடைவெளி இருக்கிறது. முதல் சண்டையில் உயிர் ஏற்றவே ஏற்றாமல் அதற்கான சக்தியைச் சேர்த்துவைத்து, அந்த இடைவெளியில் நிரப்பிக்கொண்டேன். இருவர் வரும்போது நிரம்பிய உயிரோடு நிற்பேன்.

அப்படியும் முடியாவிட்டால் வேறு பக்கம் போய்விட்டு வாருங்கள். கண்ணீர் நகரத்தில் உள்ள கொல்லரிடம் 250 காசு கொடுத்தால் ஆயுதத்தின் வலு 5-ல் இருந்து 9 ஆகும். ஏறக்குறைய பாதி அடியில் வேலை முடியும். பலத்தைக் கூட்டிக்கொண்டு வருவது கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். கொல்லரை அங்கே வைத்திருப்பதே அதற்குத்தான்.

9. எப்போது நிறுத்துவது

ஒரே மாதிரி மூன்று தடவை செத்தால் எழுந்து தண்ணீர் குடியுங்கள். முந்தைய தடவையை விட மோசமாக ஐந்து தடவை தொடர்ந்து போனால் அன்றைக்கு அவ்வளவுதான், அணைத்துவிடுங்கள். இன்னும் ஒன்றே ஒன்று என்று இரவு ஒரு மணி வரை உட்கார்ந்த நாட்களில் நான் ஒரு பாஸையும் அடித்ததில்லை. தூங்கி எழுந்து மறுநாள் இரண்டாவது முயற்சியில் அடித்தவை நான்கு. கை தூக்கத்திலும் கற்றுக்கொள்கிறது.

மணிக்கட்டு வலித்தால் இரண்டு நாள் விடுங்கள். கோபம் வரும், வருவது சரிதான், அக்கறை இருப்பதால்தான் வருகிறது. ஆனால் அந்தக் கோபம் தம்பி மேலோ தட்டு வைக்க வந்த அம்மா மேலோ திரும்புகிற அன்று ஒரு வாரம் கேமைத் தொடாதீர்கள். எனக்கு ஒரு தடவை அப்படி ஆனது. அந்த வாரம்தான் நான் மிக நன்றாகத் திரும்பி வந்தேன்.

10. உதவி எடுக்கலாமா

எடுக்கலாம். செலஸ்டில் அசிஸ்ட் மோட் இருக்கிறது, கேமின் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாக பாதி வரை குறைக்கலாம். ஒரு திரையில் சிக்கினால் 70 சதவீதத்தில் ஓட்டிக் கையைப் பழக்கி, பிறகு முழு வேகத்தில் தாண்டுங்கள். கப்ஹெட் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் எளிய முறையில் பாஸ்களை அடித்தால் கடைசிக் கட்டத்துக்கு விடமாட்டார்கள், சாதாரண முறையில் மறுபடி அடிக்க வேண்டும். தெரியாமல் எளிய முறையிலேயே போய் கடைசியில் நின்றுவிட்ட நண்பர் எனக்கு இருக்கிறார்.

வீடியோ பார்ப்பதைப் பற்றி என் கருத்து: வழி தெரியாவிட்டால் பாருங்கள், பாஸுக்கு முதல் இருபது முயற்சி வரை பார்க்காதீர்கள். அந்த மூன்று வேலையை நானே கண்டுபிடித்த இரவை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

11. ஜெயித்த இரவு

கார்த்திகை மாதம், வெளியே மழை. கடைசி அடி பட்டதும் சண்டை நின்றது. நான் அடுத்த அடிக்குக் குதித்துக்கொண்டிருந்தேன். மூன்று அரசிகளும் தலை தாழ்த்தி வணங்கினார்கள். கை நடுங்கியது, சிரிக்கவும் இல்லை கத்தவும் இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அங்கே உடனே அணைத்துவிடாதீர்கள். வந்த வழியே கிராமத்துக்குள் திரும்பி நடந்து பாருங்கள். இத்தனை நாள் கண்டதும் பாய்ந்த ஒவ்வொரு கும்பிடுபூச்சியும் இப்போது ஒதுங்கி நின்று நம்மைக் கும்பிடும். ஒன்றுகூட அடிக்காது. நான் மேலே வரைக்கும் மெதுவாக நடந்தேன். அப்பாவை எழுப்பிக் காட்டினேன், தூக்கக் கலக்கத்தில் பார்த்துவிட்டு, "எல்லாம் கும்பிடுதே" என்றார்.

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து சேமியுங்கள். சேமிப்புக் கோப்பு AppData என்ற ஃபோல்டருக்குள் LocalLow, அதற்குள் Team Cherry, அதற்குள் Hollow Knight என்ற ஃபோல்டரில் user1 என்ற பெயரில் இருக்கும். ஸ்டீம் கிளவுடில் ஒரு நகல் ஏறியிருக்கும்தான், இருந்தாலும் நெட் இல்லாமல் ஆடியிருந்தால் அது பழையதாக இருக்கலாம். கோப்பைப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து, தேதி எழுதி, கண்ட்ரோலர் இருக்கும் அதே முறுக்கு டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வையுங்கள்.